சிவப்புக் குறியிட்ட கல்

டிரோல் மலையின் பனியாற்றோரம் கோர்பினியன், அவர் மைத்துனர் ஃபைட், அளவையாளர் ரோஸ்விதா ஆகிய மூவர் நிற்கிறார்கள். முக்காலியில் லேசர் கருவியின் தலை ஓயாமல் சுழல்கிறது. மேகம் விலகும்போதெல்லாம் கண் கூசுகிறது. கோர்பினியன் கையுறையைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். முப்பது வருடம் முன் அவர் அப்பா எதிரே உள்ள சிவப்புக் குறியிட்ட கல்லிலிருந்துதான் பனி விளிம்புவரை நாடா பிடித்து அளந்தார். கல் இன்று நிற்கும் இடத்திலிருந்து அந்தத் தூரத்தை வைத்துப் பார்த்தால், அன்று விமானத்திலிருந்து எடுத்த படத்தில் உள்ள பனி விளிம்போடு ஒன்பது மீட்டர் இடிக்கிறது.

“உங்கப்பா மலையேறாம பீர்க்கடையில உக்காந்தே எழுதிட்டாரோ, மச்சான்?” என்கிறார் ஃபைட்.

“அங்க உங்கப்பா எந்திரிச்சாத்தானே எங்கப்பாவுக்கு நாற்காலி.”

ரோஸ்விதா திரையைத் திருப்புகிறாள். “போன வருஷ ஸ்கேனோட சேத்துப் பாருங்க, ஐயா. கல்லுக்கு அடியில பனி புதைஞ்சு கிடக்கு. ஒரே வருஷத்துல கல்லு முப்பது சென்டிமீட்டர் சறுக்கியிருக்கு. முப்பது வருஷத்துக்குக் கணக்குப் போட்டா ஒன்பது மீட்டர்.”

கையுறை கீழே விழுகிறது. கோர்பினியன் அதை எடுக்கவில்லை.

பீர்க்கடையில் எழுதிய அளவு என்பது ஊர்ப்பேச்சு. அது பொய். அப்பா ஏறினார், அளந்தார். கல்தான் நகர்ந்தது.