மீதி முப்பது பக்கம்

"கொலைகாரன் யாருன்னு சொல்லிடும்மா," என்றார் மாமனார்.

சக்கரக் கட்டிலில் படுத்திருந்தார். உடம்பில் பச்சை அங்கி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நாவல் அவர் வயிற்றின் மேல் குப்புறக் கிடந்தது.

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே காத்திருந்தோம். இதயத்தில் ஆபரேஷன். என் கணவர் கையெழுத்துப் போடப் போயிருந்தார். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாவலை அவருக்குக் கொடுத்தது நான்தான். அட்டை போய், ஓரமெல்லாம் மடங்கிப்போன பழைய கொலைக் கதை. பெரிய வீடு, பூட்டிய அறை, உள்ளே பிணம், வெளியே ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும் சொந்தக்காரர்கள். படிக்கிற ஆள் யார் கிடைத்தாலும் அதைத் தலையில் கட்டிவிடுவேன். ஆபீஸில் பாதிப் பேர் படித்தாயிற்று. என் பல் டாக்டர்கூடப் படித்திருக்கிறார்.

நிபந்தனை ஒன்றுதான். முடிவைப் பற்றி யாரும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. கெஞ்சியவர்கள் உண்டு. என் கணவர் ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தார். நான் வாயைத் திறந்ததில்லை.

மாமா முடிவு கேட்கிற ஆளே இல்லை. எந்தக் கதையானாலும் பாதியிலேயே ஆளைப் பிடித்துவிடுவேன் என்று பெருமையடித்துக்கொள்வார், பிடித்தும் இருக்கிறார். இந்த வீட்டுக்கு நான் வந்த புதிதில் எங்களுக்குள் பேச்சு ஆரம்பித்ததே அப்படித்தான். மகனோடு பேச அவருக்கு விஷயம் இருக்காது. என்னோடு பேச எப்போதும் ஒரு பிணமாவது இருக்கும்.

இந்த ஒன்றில்தான் திணறிப்போனார். இன்னும் முப்பது பக்கம் பாக்கி. நேற்றே முடித்திருப்பார், மருந்து தூங்க வைத்துவிட்டது.

"வந்து படிச்சுக்கோங்க மாமா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத முகம் யாரோ மாதிரி இருந்தது. பயந்திருந்தார். பிழைத்து வருவார் என்று டாக்டர் எங்களிடம் உறுதியாகச் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

ஊழியர் ஒருவர் வந்து கட்டிலை நகர்த்தத் தயாரானார்.

குனிந்து மாமாவின் காதில் சொன்னேன். "தோட்டக்காரன்."

அவர் முகம் சுருங்கியது. "தோட்டக்காரனா? கதையில ரெண்டு தடவைதானேம்மா வர்றான்? இதுக்கா இத்தனை நாளா ஆஹா ஓஹோன்னே?"

கதவு திறந்தது. நாவலை என் கையில் திணித்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். ஓட்டைக் கதையாம், பைசா பெறாதாம். இந்த நேரத்தில் என்ன சண்டை என்பது போல அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

என் ரசனையை அவ்வளவு மட்டமாக யாரும் பேசியதில்லை. அழுகை வந்தது. அத்தைக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன். கோபத்தில் அவர் பயத்தை மறந்துவிட்டார், அது போதும்.

நாவலைப் புரட்டினேன். அவர் விட்ட இடத்தில் காலியான மாத்திரை அட்டை ஒன்று செருகியிருந்தது. அதை நகர்த்தாமல் மூடி, மேலே அவருடைய கண்ணாடியை வைத்தேன்.

கண் விழித்ததும் கண்ணாடியைக் கேட்பார். குறை சொல்வதற்காகவாவது மீதியைப் படிப்பார். கடைசி அத்தியாயத்தில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். வந்து ஆக்கட்டும்.

தோட்டக்காரன் பாவம். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதைத் தவிர அந்த வீட்டில் அவன் ஒன்றுமே செய்யவில்லை.