மடத்தில் இல்லாத சைகை

"வாயைத் திறக்காதே பிலோமி. மடத்துச் சாமியாருங்க பேசவே மாட்டாங்க."

செபஸ்தியான் இரண்டு கை விரல்களையும் சேர்த்து வட்டம் காட்டினான்.

"ரொட்டி!" என்றாள் மனைவி.

"மறுபடியும் பேசுற. சரி, இது?" அவன் உள்ளங்கை நெளிந்து நீந்தியது.

"மீன். மொகிங்காவுக்கு என்ன சைகை?"

"எண்ணூறு வருஷத்துக்கு முந்தின ஐரோப்பாச் சாமியாருக்கு மொகிங்கா ஏது? மீனைக் காட்டிட்டு நூடுல்ஸை உறிஞ்சு, புரியும்."

தின்கன்ஜூன் மாதாகோயில் விழாவில் அந்தக் காலத்துத் துறவு மடத்தை அப்படியே நடித்துக் காட்ட, அவன் தேடித் தேடிப் படித்த சைகைகள் இவை.

"பொண்டாட்டிக்கு?"

"சாமியாருக்கு ஏது பொண்டாட்டி? அதுக்குச் சைகையே இல்லை."

"அப்போ என்னை எப்படிங்க கூப்பிடுவீங்க?"

அவன் யோசிப்பதற்குள் கதவு திறந்தது. தள்ளுகட்டிலோடு நர்ஸ் நின்றாள்.

"செபஸ்தியான் ஐயா, ஆபரேஷனுக்கு நேரமாச்சு. பேச வேண்டியதை இப்பவே பேசிக்குங்க. குரல்வளையை எடுத்த பிறகு முடியாது."

பிலோமினா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கண் விழித்தவன் அவளைத் தேடினான். கட்டுப் போட்ட தன் கழுத்தைச் சுற்றி, விரலால் ஒரு தாலியை வரைந்து காட்டினான்.