கண்ணசந்தால் கட்

"நான் கண்ணை மூடினாப் போதும் தம்பி, இந்த வீட்டு இன்டர்நெட் செத்துடும். நான் முழிச்சாத்தான் அதுக்கு மறுபடி உயிரு வரும்!"

கதவைத் திறந்த பெரியவர் மார்தட்டிச் சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நெட்காரருக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ராத்திரி முழுக்கக் கம்பத்தில் தொங்கி, மழையில் அறுந்த லைனை ஒட்டிவிட்டு வந்தவர் அவர். கண்ணைப் பார்த்தால் ஏழு ஜென்மத்துத் தூக்கம் பாக்கி இருந்தது.

இந்த வீட்டுக்கு இது மூன்றாவது படையெடுப்பு. "அங்கேருந்து இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா, நீ வேலைக்கே வர வேணாம்" என்று மேனேஜர் காதில் ரத்தம் வராத குறையாகத் திட்டி அனுப்பியிருந்தார்.

"நான் உட்கார்ந்து வேலை பார்க்கிற வரைக்கும் ஜோரா இருக்கு அண்ணே. எழுந்து அந்தப் பக்கம் போனேனோ இல்லையோ, புட்டுக்குது" என்றாள் பெரியவரின் மகள். வாடிக்கையாளர்களோடு நாள் முழுக்கப் போனில் மல்லுக்கட்டுவது அவள் வேலை. அவள் குரலுக்கு அடுத்த தெருவில் ஜன்னல் அதிரும்.

"சும்மா கிடந்தா கரண்டை மிச்சம் பிடிக்கிறேன்னு கம்ப்யூட்டரே நெட்டை அணைச்சிடும்மா. அதைத்தான் போன தடவையே மாத்தி வெச்சேனே!"

மறுபடி பார்த்தார். மாற்றியது மாற்றியபடியே இருந்தது. கேபிளின் இரண்டு முனைகளையும் பிடித்து ஆட்டினார். இரண்டும் உடும்புப் பிடி.

"நான் சொன்னா யார் கேக்கறா? எல்லாம் என் தூக்கத்தோட பவர்!" என்றார் பெரியவர்.

"அப்பா, சும்மா இருங்க. அவரே நொந்து போய் வந்திருக்கார்."

"நீ தொண்டை கிழியக் கத்துறதை நிறுத்தினாத்தானேம்மா எனக்குக் கண்ணே அசருது!"

"ஐயா, உங்க தூக்கத்துக்கு அவ்வளவு பவர் இருந்தா, நாங்க ஆபீசை இழுத்து மூடிட்டுப் போயிடறோம்" என்று பெருமூச்சு விட்டார் நெட்காரர்.

இனி கம்ப்யூட்டரைச் சும்மா விட்டுக் காத்திருப்பதுதான் வழி. மகள் காபி போடப் போனாள்.

"உட்காருங்க தம்பி. வந்தவர் நிக்க, நான் சாய்ஞ்சு கிடக்கவா?" பெரியவர் தன் சிம்மாசனத்தைக் காட்டினார். ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் கொடுத்த நாற்காலி. சாய்ந்தால் காலுக்கும் பலகை நீட்டிக் கட்டிலாகிவிடும். யானை கட்டி இழுத்தாலும் நகராத கனம். சுவரோரம் கேபிளுக்கு முன்னால் போட்டதோடு சரி, ஒரு விரற்கடைகூட யாரும் அசைத்ததில்லை.

நெட்காரர் வந்தால் அவர் கிளம்பும்வரை பெரியவர் அதில் உட்கார மாட்டார். முதல் இரண்டு தடவையும், "டிரெஸ் அழுக்குங்க ஐயா" என்று நெட்காரர் தரையிலேயே குந்திக்கொண்டார். இன்று முழங்கால்கள் மறுத்துவிட்டன. உட்கார்ந்தார். நாற்காலி 'கிறீச்' என்று தானாகச் சாய்ந்து, காலைத் தூக்கி ஏந்திக்கொண்டது. ஒரு நிமிஷம் கண்ணை மட்டும் மூடிக்கொள்வோம் என்று நினைத்தார்...

"அண்ணே! அண்ணே! போயிடுச்சு!"

தூக்கிவாரிப் போட்டு விழித்தார். கையில் காபியோடு மகள். திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. வேலை போயே போச்சு என்று நெட்காரர் நினைத்தார்.

ஜன்னலோரம் நின்ற பெரியவரின் முகமோ, ராஜ்யத்தைப் பறிகொடுத்தது போல் தொங்கியிருந்தது. "நான் முழிச்சுக்கிட்டுல்ல நிக்கறேன்! எப்படிப் போச்சு?"

நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய நெட்காரரின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. சாய்ந்த முதுகின் இரும்புக்கும் சுவருக்கும் நடுவே, பொறியில் சிக்கிய எலியின் வால் போல் நசுங்கிக் கிடந்தது கேபிள்.

நிமிர்ந்தார். சிவப்புக் குறி மறைந்தது. சாய்ந்தார். மறுபடி வந்தது.

படுத்தபடியே பெரியவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க சொன்னது சத்தியம் ஐயா. நான் தூங்கினாலும் போகுது."