குருவிக்குப் பாத்தி

கிருஷ்ணராசா புல்தரையைச் சீவி எடுத்துவிட்டு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்.

குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த மகள் பிறேமினிக்கு அப்பாடா என்றிருந்தது. தையில் அம்மா போனதிலிருந்து மனிசன் சோபாவை விட்டு எழும்பியதில்லை. சாப்பாட்டைக் கோப்பையோடு அப்படியே வைத்துவிடுவார். இவரும் போய்விடுவாரோ என்று அவள் பயந்த பயம் அவளுக்குத்தான் தெரியும்.

நேற்றுத்தான் திடீரென்று, பின்வளவில் குருவிகளுக்குத் தீனிப் பாத்தி போடப்போவதாகச் சொன்னார். பிறேமினி ரெய்னர்ஸ் லேன் கடைத்தெரு முழுக்க ஓடித் திரிந்து, பறவைகளுக்கென்று விற்கிற விதைப் பைக்கற்றும் எருவும் வாங்கி வந்தாள். ஆள் தேறிவிட்டார், இனிப் பயமில்லை!

வேலையும் என்ன சுத்தம்! கல்லைப் பொறுக்கினார். மண்கட்டிகளைக் கையாலேயே உதிர்த்தார். ஒரு ராபின் குருவி வேலியில் வந்து குந்தி, கிளறிய மண்ணில் நெளிந்த புழுவைக்கூடப் பார்க்காமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் தேத்தண்ணி கொண்டு போனபோது விதைப் பைக்கற் உடைக்காமல் கிடந்தது. அப்பாவின் கையில் தமிழ்க்கடை நவதானியம். தூவினார். பிறகு ஒரு செம்பிலிருந்து பாலை எடுத்துத் தெளித்தார்.

பிறேமினிக்கு அப்போதுதான் விளங்கியது.

ஊரில் என்றால், உடலை எரித்த இடத்தைக் கொத்தி, நவதானியம் தூவி, பால் தெளிப்பார்கள். இங்கே அம்மா போனது பொத்தானை அமுக்கினால் திறக்கிற இரும்புக் கதவுக்குள். அங்கே கொத்துவதற்கு மண் ஏது? பாவம் மனிசன், அந்தக் குறையை இத்தனை நாளும் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான், பக்கத்தில் இன்னொரு பாத்தி தெரிந்தது.

அதே நீளம், அதே அகலம். கல் பொறுக்கி, கட்டி உதிர்த்து, எல்லாம் ஆயத்தம். விதை மட்டும் இல்லை.

“அப்பா, இது ஆருக்கு?”

கிருஷ்ணராசா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு.

“அதுக்கும் தானியம் அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன், பிள்ளை. தூவுறது உன்ர வேலை.”

ராபின் வேலியிலிருந்து இறங்கியது. தானியம் தூவிய பாத்தியைத் தாண்டிப்போய், வெறும் பாத்தியில் குந்தியது.