பன்னிரண்டாவது ஆள்

சுரேகா மூக்கைத் தொட்டாள். அப்புறம் காதைத் தொட்டாள், தொப்பியின் விளிம்பைத் தடவினாள், கடைசியில் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினாள். இத்தனை பேர் பார்க்க, பட்டப்பகலில்.

கமலநாதன் தலையைக் குனிந்துகொண்டார். வங்கியில் அதிகாரியாக இருந்த மகள், கிள்ளான் திடலில் கோட்டுக்கு வெளியே நின்று உடம்பைச் சொறிந்துகொண்டிருக்கிறாள். இதற்காகவா அந்த வேலையை விட்டாள்?

"பேஸ்பால் டீமோட போறேன்பா" என்று அவள் சொன்ன அன்றைக்கே அவர் பேச்சை நிறுத்திவிட்டார். என்ன டீம், அங்கே உனக்கு என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வாரம் அவளே வந்து எதிரில் நின்றாள்.

"ஞாயித்துக்கெழம ஃபைனல். ஒரே ஒரு தடவ வந்து பாருங்கப்பா. பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா விட்டுடறேன். பேங்க்குக்கே திரும்பிப் போறேன்."

பார்ப்பது என்று ஆனபிறகு ஒன்றும் தெரியாமல் போய் உட்காரலாமா? அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அதுவும் கிரிக்கெட்டில் ஊறிய மனிதர். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு யூடியூப்பில் பேஸ்பால் படித்தார். ஒருத்தி எறிவாள், ஒருத்தி அடிப்பாள், நான்கு மூலையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே ஓடி வந்தால் ஒரு ஓட்டம். இவ்வளவுதானே என்று கொமூட்டர் ரயிலேறித் தனியாக வந்து சேர்ந்தார்.

வந்ததும் குட்டு உடைந்தது. அடித்த பந்து பின்பக்கமாகப் பறந்து வேலியில் மோத, அருமையான பவுண்டரி என்று எழுந்து நின்று கைதட்டினார். திடலில் வேறு யாரும் தட்டவில்லை. அடித்தவள் எதிரணிக்காரி வேறு.

"அது ஃபவுல் லா அங்கிள். பின்னால போனா கணக்கில்ல" என்று பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்.

அவள் பெயர் மார்க்கிரட். அவளுடைய தங்கையும் சுரேகாவின் அணியில்தான் ஆடுகிறாளாம். முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள், ஐஸ் மைலோவும் ஊற்றிக் கொடுத்தாள். அவரும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டார். ஒன்றை மட்டும் கேட்க வாய் வரவில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கிறாளே, அவளுக்கு எப்போது மட்டையைக் கொடுப்பார்கள்?

கொடுக்கவேயில்லை. மற்ற பெண்கள் எல்லாரும் முறை வைத்து அடித்துவிட்டார்கள். எதிரணி அடிக்க வந்தால் சுரேகா கொட்டகையில் போய் உட்காருவாள். தன் அணி அடிக்க வந்தால் பழையபடி மூன்றாவது மூலைக்கு வெளியே வந்து நின்று மூக்கைத் தொடுவாள். உடம்பில் போட்டிருப்பதோ மற்றவர்கள் போட்டிருக்கும் அதே சீருடை.

அவருக்குப் புரிந்துவிட்டது. கிரிக்கெட்டில் இதற்குப் பன்னிரண்டாவது ஆள் என்று பெயர். யாருக்காவது தாகமெடுத்தால் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை. நாளைக்குக் கந்தசுவாமி கோயிலில் யாராவது, மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

மார்க்கிரட் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், அந்த மூலையில நிக்கறாங்களே, அவங்க உங்களுக்குச் சொந்தமா? மூக்கு அப்படியே உங்க மூக்கு."

"இல்லம்மா. எனக்கு இங்க யாரையும் தெரியாது. சும்மா நடக்க வந்தேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பு கூசியது. பெற்ற மகளைத் தெரியாது என்று சொல்லியாயிற்று. அவளால் வந்த வெட்கம் போதாதென்று தன்னால் வந்த வெட்கமும் சேர்ந்துகொண்டது. மைலோவைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார்.

கடைசிச் சுற்றில் இரண்டு பக்கமும் சமம். மார்க்கிரட்டின் தங்கை ஓங்கி அடிக்க, இரண்டாவது மூலையில் நின்றவள் ஓடத் தொடங்கினாள். சுரேகா பைத்தியம் பிடித்தவளைப்போலக் குதித்துக்கொண்டு கையைச் சுழற்றினாள். ஓடி வந்தவள் பந்து எங்கே என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுரேகாவையே பார்த்துக்கொண்டு வந்து, மூன்றாவது மூலையில் நிற்காமல் வளைந்து, புறப்பட்ட இடத்தில் வந்து விழுந்தாள். ஜெயித்துவிட்டார்கள்.

எல்லாரும் எழுந்து கூச்சல் போட்டார்கள். கமலநாதனுக்கு மகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆட இடமில்லை, குதித்தாவது கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான், பார்த்தது போதும், வங்கிக்கே போ என்று.

அவர் வாசலை நோக்கி நடந்தார். பின்னாலிருந்து மார்க்கிரட் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவள் கையில் வெற்றிக் கோப்பை இருந்தது.

"அங்கிள், எங்க கோச்சோட அப்பா வந்திருப்பாராம். அவர் கையாலதான் கப்ப வாங்குவேன்னு நிக்கறாங்க. இங்க யாராச்சும் மகளத் தேடறாப்புல நிக்கறதப் பாத்தீங்களா?"

"யாரும்மா உங்க கோச்?"

மார்க்கிரட் மூன்றாவது மூலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"மூக்கத் தொட்டு, காதத் தொட்டு எங்க பிள்ளைங்களுக்குச் சைகையில சொல்லிக்குடுத்தாங்களே. சொந்தமான்னு கேட்டேனே அங்கிள், அவங்கதான்."