திருப்பிப் போட்ட கவுன்

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் துணி தைக்கிறீங்க. உங்க பொண்ணுக்கு ஒரு கவுனை நேராப் போட்டு அனுப்பக் கூடாதா மேடம்?"

மிஸ் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அது பள்ளி விடும் நேரம். வாசலில் ஏழெட்டு அம்மாக்கள் நின்றிருந்தார்கள். அதில் இரண்டு பேர், வீட்டிலேயே பிள்ளைத் துணி தைத்து விற்கும் அவளிடம் வாங்குகிறவர்கள்.

அவளுடைய ஐந்து வயது வாண்டு ஓடி வந்தது. கவுன் உள்வெளியாக இருந்தது. தையல் ஓரமெல்லாம் வெளியே தெரிய, பின்கழுத்தில் லேபிள் விறைத்துக்கொண்டு நின்றது. 'பூவினும் மென்மை'. மூன்று நாள் மண்டையைக் குடைந்து அவளே கண்டுபிடித்த வாசகம்.

"ரெண்டு வாரமா இப்படித்தான் வர்றா. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறா. அதான் உங்களை வரச் சொன்னேன்."

ரெண்டு வாரமா! சாயந்திரம் வேன் இறக்கிவிடும்போது அவள் தலை தையல் மெஷினை விட்டு நிமிர்ந்தால்தானே தெரியும். "இனிமே பார்த்துக்கறேன் மிஸ்" என்று முணுமுணுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பெண்ணை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் புருஷன் மாட்டிக்கொண்டான். காலையில் பிள்ளையைக் கிளப்பி வேனில் ஏற்றுவது அவன் பொறுப்பு.

"ஏங்க, துணிக்கு உள்ளே எது, வெளியே எதுன்னுகூடவா தெரியாது? அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சு."

"நான் நேராத்தான்மா போட்டு விடறேன். கழுத்துல வேர்க்குருன்னு பவுடர்கூடப் போட்டுத்தான் அனுப்பறேன்."

"அப்போ வேன்ல பேய் ஏறி வந்து திருப்பிப் போட்டுச்சா?"

அவன் எழுந்து கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனான். எட்டு வருஷக் குடித்தனத்தில் கற்ற வித்தை.

அதற்குள் போன் அடித்தது. புது வாடிக்கையாளர். அவள் குரல் சட்டென்று தேனாகிவிட்டது.

"கண்ணை மூடிட்டு வாங்கலாம்க்கா. என் பொண்ணுக்குப் போட்டுப் பார்க்காம நான் எதையும் விக்கிறதே இல்ல. ஒரு தடவை போட்டுட்டா கழட்டவே மாட்டேங்கிறா!"

அவள் தையலைவிட இந்தப் பேச்சுக்குத்தான் கிராக்கி அதிகம். முழுப் பொய்யும் இல்லை. தைத்த முதல் உருப்படி வாண்டின் மேல்தான் ஏறும். "திரும்பு, கையைத் தூக்கு, சரி போ" என்று அளவு பார்ப்பாள்.

வாண்டு வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, 'இரு' என்று சாடை காட்டினாள்.

மறுநாள் காலை மெஷினைத் தொடவில்லை. அவளே உடுத்தி, நேராக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, பள்ளிக்கு அழைத்துப் போனாள். வகுப்பில் விட்டுவிட்டு, திருடனைப் பிடிக்க வந்தவள்போலத் தூண் மறைவில் நின்றாள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாண்டு பாத்ரூமுக்குப் போனது. வரும்போது கவுன் திரும்பியிருந்தது.

அவளுக்குச் சுரீரென்றது. இதுதானா விஷயம்? மற்ற பிள்ளைகள் பெரிய கடைத் துணியில் வருகிறார்கள். இவளுக்கு அம்மா தைத்ததைக் காட்டிக்கொள்ள வெட்கம்!

பெண்ணை வராந்தா ஓரத்துக்கு இழுத்தாள்.

"ஏன்டி என் மானத்தை வாங்கறே? அம்மா தைச்சதைப் போட்டுக்க உனக்கு அவ்வளவு கேவலமா இருக்கா?"

கோபத்தில் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, கவுனைத் திருப்பிப் போடத் தலைவழியே உருவினாள்.

கை அப்படியே நின்றது.

பின்கழுத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள். ஒரு கோடு தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே சரியாக லேபிளின் அகலம்.

லேபிளை எடுத்துத் தன் கழுத்தில் தேய்த்துப் பார்த்தாள். இரண்டாவது தேய்ப்பிலேயே எரிந்தது. முன்பு துணி நாடாவில்தான் லேபிள் வைத்துக்கொண்டிருந்தாள். பளபளப்பாக இருக்கட்டும் என்று ரெண்டு வாரம் முன்புதான் நைலான் நாடாவுக்கு மாறினாள். அதன் ஓரம் ரம்பமாக இருப்பதை விரலால் தடவிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் எண்பது கவுன்கள் இதே லேபிளோடு மடித்து அடுக்கியிருக்கின்றன. நாளைக்கு எண்பது கழுத்து.

முதுகில் வைத்த கையை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. வாண்டைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன் கண்ணு, குத்துதுன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கழட்டிப் போட்டிருக்கலாமே..."

வாண்டு மூக்கை உறிஞ்சியது.

"முதல் நாளே சொல்ல வந்தேன்மா. நீ போன்ல இருந்தே. என் பொண்ணு போட்டா கழட்டவே மாட்டான்னு ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டிருந்தே. அதான் கழட்டல... திருப்பி மட்டும் போட்டுக்கிட்டேன்."