ஏழாவது விதி

“வந்துடுச்சுடி உன் தலைவலி” என்றாள் பெட்ஷீட்.

அந்த ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பேர் கிடையாது. நிற்கிற பிரிவுதான் பேர். பெட்ஷீட், துண்டு, தலையணை உறை. அதைக் கேட்டவள் கர்ட்டன்.

லிஃப்டிலிருந்து இறங்கி வந்த பெண்மணிக்கும் அவர்கள் ஒரு பேர் வைத்திருந்தார்கள். கைக்குட்டை அம்மா. ஒரு மாதமாக வாரம் தவறாமல் வருகிறாள். ஏதாவது ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அலமாரியையே காலி பண்ண வைக்கிறாள். கடைசியில் ஒரே ஒரு கைக்குட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

இன்றைக்குக் கர்ட்டனின் முறை.

அவளுக்கு ஆறாவது மாதம். காலையிலிருந்து நின்றதில் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. துணி மூட்டை மேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்ததற்குப் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு வாங்கியிருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்ததற்கு இன்னொன்று. மூன்றாவது கோடு விழுந்தால் வேலை காலி. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

கைக்குட்டை அம்மா நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டாள்.

“பச்சையில கட்டம் போட்டதை எடு. நாலாவது அலமாரி, கீழ்த்தட்டுல இருக்கும் பாரு.”

இருந்தது. இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. குனிந்தாள், எடுத்தாள், விரித்தாள். அடுத்து நீலம். அப்புறம் பூப் போட்டது.

“நீ நின்னுக்கிட்டே காட்டினா எனக்குக் கழுத்து வலிக்குது. உட்காரு.”

“பரவாயில்லைங்க மேடம்.”

“உனக்குப் பரவாயில்ல. என் கழுத்துக்கு?”

சூப்பர்வைசர் பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தார்.

“என்ன மேடம்?”

“இந்தப் பொண்ணு ஏன் உட்கார மாட்டேங்குது?”

“கடை விதி மேடம். உட்கார விட்டா சோம்பேறி ஆயிடுவாங்க.”

“அப்படியா? எழுதியே வச்சிருக்கீங்களா?”

“பின்னே? ஏழாவது விதி. வேலை நேரத்தில் உட்காரக் கூடாது, மூன்று முறை மீறினால் நீக்கம். உள்ளே ஒட்டியே வச்சிருக்கோம்.”

“நல்லா இருக்கே. சீல் போட்டு எனக்கு ஒரு காப்பி குடுங்களேன். வீட்டு வேலைக்காரிக்குக் காட்டணும். எப்பப் பாரு உட்கார்ந்தே கிடக்கா.”

சூப்பர்வைசருக்கு உச்சி குளிர்ந்துபோனது. சீல் வைத்த காகிதத்தைப் பவ்யமாக நீட்டினார். கூடவே தன் கையாலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“மேடம்தான் சொல்றாங்கல்ல, உட்காரும்மா.”

உட்கார்ந்தாள். காலுக்கு இதமாகத்தான் இருந்தது. வயிறுதான் எரிந்தது. அந்த வேலைக்காரி யார் பெற்ற பிள்ளையோ, இவள் வீட்டில் மாட்டிக்கொண்டு என்ன பாடு படுகிறதோ. கையில் நாலு காசு வந்துவிட்டால் மற்றவர்களின் கால் மரக்கட்டையாகிவிடுமா?

இரண்டு மணி நேரம். அறுபது கர்ட்டன். ஒரு வெள்ளைக் கைக்குட்டை.

லிஃப்ட் கதவு மூடியதும் சூப்பர்வைசர் பதிவேட்டைத் திறந்து மூன்றாவது கோட்டைப் போட்டார்.

“சார், நீங்கதானே உட்காரச் சொன்னீங்க?”

“கஸ்டமர் முன்னாடி நான் வேற என்ன சொல்றது? உனக்கு எங்க போச்சு புத்தி?”

கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். வேலை நேரத்தில் உட்கார்ந்ததால் நீக்கம் என்று எழுதி, அதற்கும் ஒரு சீல்.

பின்பக்கப் படிக்கட்டில் அழுதுகொண்டே இறங்கினாள். கடைசிப் படியில் கைக்குட்டை அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த ஆத்திரத்தில் சீட்டைக் கிழிக்கப் போனாள்.

“கிழிச்சுடாதீங்க. முதல்ல உட்காருங்க.”

“உட்கார்ந்துதான் வேலையே போச்சு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? உங்க வீட்ல இருக்கிறவளுக்கும் ரெண்டு கால்தானே? ஒரு நாளாவது பாவம்னு தோணுச்சா?”

இனி போவதற்கு வேலையும் இல்லை என்பதால் பயமும் போய்விட்டிருந்தது.

கைக்குட்டை அம்மா எழுந்து நின்றாள்.

“உங்க வேலை போனதுக்கு நான்தான் காரணம். நானே உட்காரச் சொன்னா உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நினைச்சேன். தப்புக் கணக்கு. நான் வக்கீல். இந்தக் கடை மேல மனித உரிமை ஆணையத்துல கேஸ் நடத்துறேன். அப்படி ஒரு விதியே எங்க கடையில இல்லன்னு முதலாளி சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காரு. ஒரு மாசமா ஒவ்வொரு பிரிவா அலைஞ்சேன், எழுத்துல எதுவும் சிக்கல. இன்னைக்கு அவங்களே சீல் போட்டுக் குடுத்துட்டாங்க. உங்க சீட்டும் சேர்ந்தா அவங்களால தப்ப முடியாது. உங்க வேலையை நான் திருப்பி வாங்கித் தர்றேன். ஸ்டூலோட.”

கர்ட்டன், அவள் நீட்டிய கைக்குட்டையை வாங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

“அப்ப அந்த வேலைக்காரி?”

“எங்க வீட்ல ஏது வேலைக்காரி? அம்மா மட்டும்தான். அடுத்த வேளைச் சோத்துக்கு வழியில்லாத வீட்ல என்னைப் படிக்க வைக்கணும்னு, இதே கர்ட்டன் பிரிவுல பதினெட்டு வருஷம் நின்னாங்க. அந்த நாலாவது அலமாரி அவங்க அடுக்கினது.”

கைக்குட்டை அம்மா சீல் வைத்த விதிக் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“இப்ப உட்கார்ந்தேதான் இருக்காங்க. எந்திரிக்கத்தான் முடியல.”